ஒற்றைச் சுவிட்ச் ரைஸ் குக்கரில் கறுப்பு பீன்ஸ்: ஒரு பிசிக்ஸ் டீச்சரின் மதிப்பெண்

முதலிலேயே மதிப்பெண்ணைப் போட்டுவிடுகிறேன். சாதத்துக்குப் பத்துக்கு எட்டு. கறுப்பு பீன்ஸுக்குப் பத்துக்கு ஏழு. அந்த ஏழிலும் இரண்டு, பக்கத்தில் காவல் நிற்கிற ஆளுக்குச் சேர வேண்டியது. கும்பகோணத்தில் காலமெல்லாம் பிசிக்ஸ் பேப்பர் திருத்திய கை, கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

பரீட்சைக்கு வந்திருப்பது டெக்சஸில், சான் அன்டோனியோ நகரத்தில், என் மகள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் ரைஸ் குக்கர். அவள் படிக்க வந்த காலத்தில் வாங்கியது, முப்பது டாலருக்குள். கண்ணாடி மூடி, அதில் ஆவி போக ஒரு துளை, உள்ளே அலுமினியப் பாத்திரம், முன்னால் ஒரே ஒரு சுவிட்ச், 300 வாட். கம்பெனி பெயர் எழுதப்போவதில்லை. இந்த விலையில் விற்கிற ஒற்றைச் சுவிட்ச் குக்கர்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவைதான். எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

பெண்ணும் மாப்பிள்ளையும் வாரத்தில் பாதி நாள் பீன்ஸ்தான் சாப்பிடுகிறார்கள். டின்னைத் திறப்பார்கள், கழுவுவார்கள், மைக்ரோவேவில் சுட வைப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்த டின் வாடை ஒத்துவரவில்லை. "ஏண்டி, பயறு வேக வைக்க ஒரு நாள் எடுக்குமா?" என்று கேட்டதற்கு, "அம்மா, எனக்கு ஒன்பது மணிக்கு மீட்டிங், நீ விசில் விட்டா எல்லாருக்கும் கேட்கும்" என்றாள். பிரஷர் குக்கர் பரணில் இருக்கிறது. கண்ணாடித் தட்டு அடுப்பில் அதை ஏற்றினால் சூடேறவே யுகம் ஆகிறது, அணைத்த பிறகும் தட்டு ஆறுவதில்லை, நாலு விசில் கணக்கு ஆறில் போய் நிற்கிறது. கொண்டைக்கடலைக்கு இன்றைக்கும் பிரஷர் குக்கர்தான் என் கட்சி. ஆனால் கறுப்பு பீன்ஸில் பாதி ருசி அதன் சாற்றில் இருக்கிறது. அது கெட்டியாக, மினுமினுப்பாக வர வேண்டுமென்றால் மூடியைத் திறந்து பார்த்து, கிளறி, தண்ணீர் சேர்த்து வேக வைக்க வேண்டும். மூடிக்கு மேல் வெயிட் போட்ட பாத்திரத்தில் அது நடக்காது.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது கறுப்பு உளுந்து இல்லை, காராமணியும் இல்லை. ராஜ்மாவின் கூடப் பிறந்தது. இரண்டும் ஒரே தாவர இனம். ராஜ்மாவைவிடச் சின்னது, மேலே மை தீட்டின மாதிரி கறுப்பு, உள்ளே வெளேரென்று இருக்கும். மெக்சிகோவின் தென் பக்கம், கியூபா, பிரேசில் எல்லாம் இதை அன்றாடம் சாப்பிடுகிற ஊர்கள்.

இந்தக் குக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டுப் பலர் திட்டுகிறார்கள். பாத்திரத்தை எடுத்துவிட்டு உள்ளே பார்த்தால், சூடேறும் தட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்னப் பொத்தான் தெரியும். அதற்குள் ஃபெரைட் காந்தம் இருக்கிறது. சுவிட்சை அமுக்கினால் இன்னொரு காந்தம் அதோடு ஒட்டிக்கொள்கிறது, கரண்ட் போகிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிற வரை அடிப்பாகம் 100 டிகிரியைத் தாண்டாது, எவ்வளவு சூடு கொடுத்தாலும் அது ஆவியாகத்தான் போகும். தண்ணீர் வற்றியதும் சூடு விறுவிறுவென்று ஏறுகிறது. 103 டிகிரி வாக்கில் ஃபெரைட் தன் காந்தத் தன்மையை இழக்கிறது, பிடி விடுகிறது, 'டக்' என்று சுவிட்ச் மேலே வருகிறது. பியேர் கியூரி 1895இல் ஆராய்ந்து சொன்ன விஷயம், கியூரி வெப்பநிலை என்று பிளஸ் டூவில் நடத்துவோம். டோஷிபா 1955 டிசம்பரில் கடைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கிக் குக்கரில் இந்த ஏற்பாடு இல்லை. அதில் இரண்டு பாத்திரம், வெளிப்பாத்திரத்துத் தண்ணீர் வற்றினால் நிற்கும். எப்படியானாலும் சாரம் ஒன்றுதான். குக்கருக்கு அரிசி வெந்ததா என்று தெரியாது, தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

அரிசிக்கு இது போதும், தண்ணீரை அளந்து வைத்துவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். பீன்ஸுக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஒரு பை நாற்பத்தைந்து நிமிஷத்தில் வேகும், இன்னொரு பை ஒன்றரை மணி நேரம் கழித்தும் கல்லாக நிற்கும். பழசா புதுசா என்பதைப் பொறுத்தது. ஆக, இந்தக் குக்கரில் பீன்ஸ் போட்டால் அது தானாக நிற்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. அது பாட்டுக்கு நிதானமாகக் கொதிக்க வைக்கிற ஒரு சின்ன அடுப்பு, தண்ணீர் வற்றினால் அடிப்பிடிக்கும் முன்னே அணைந்துவிடுகிற பாதுகாப்பு ஒன்று கூடுதல். அப்படி நினைத்துக்கொண்டால் முப்பது டாலருக்கு இதைவிட நல்ல அடுப்பு கிடைக்காது. இந்த 300 வாட் கொதி, பயற்றுக்கு ரொம்பச் சரியான கொதி. மேலே லேசாகப் புரளும், தோல் கிழிகிற அளவுக்குக் குதிக்காது.

இப்போது அதன் பெரிய குறை: நுரை. கொதி வந்த ஐந்தாவது நிமிஷத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த நுரை எழும்பி, மூடித் துளை வழியாகக் கக்கிக்கொண்டு வெளியே வரும். குக்கர் பக்கவாட்டில் வழிந்து, கவுன்டர் மேல் ஓடி, காய்ந்தால் வெள்ளைக் கல் மேல் மைக் கறை. துளை சின்னதாக இருப்பது இந்த வடிவத்தின் பிழைதான். சாதத்துக்கே கஞ்சி தெறிக்கும், பீன்ஸுக்குக் கேட்கவே வேண்டாம். இதற்கு மூன்று மருந்து உண்டு, மூன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும். பாத்திரத்தில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான் நிரப்பலாம். ஒரு ஸ்பூன் எண்ணெய் விடணும். முதல் இருபது நிமிஷம் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்துச் சாய்வாக மூடணும். நுரை அடங்கின பிறகு கரண்டியை எடுத்துவிட்டு முழுசாக மூடலாம்.

அளவு சொல்கிறேன். குக்கரோடு வருகிற பிளாஸ்டிக் கப் 180 மில்லி. அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் கப் 240 மில்லி. இரண்டையும் குழப்பினால் எல்லாமே தப்பும். குக்கர் கப்பால் ஒரு கப் பீன்ஸ், ராத்திரியே ஊறப்போடுங்கள். ஊறுகிற தண்ணீரில் உப்பு போட வேண்டும், லிட்டருக்கு ஒரு பெரிய ஸ்பூன். "உப்பு போட்டா வேகாதே" என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம், என் மாமியாரும் சொல்வார். பயற்றில் அது பொருந்தாது. தோலில் இருக்கிற பெக்டின் என்ற பசைப்பொருளைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பது கால்சியமும் மெக்னீசியமும். உப்பில் இருக்கிற சோடியம் அந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தால் தோல் இளகிக்கொடுக்கும். இந்த ஊருக்கு இது ரொம்பவே அவசியம். சான் அன்டோனியோவுக்குத் தண்ணீர் பெரும்பாலும் வருவது சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கியிருக்கும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீரிலிருந்து. கெட்டிலின் அடியில் வெள்ளையாக அடை கட்டுகிறது, அதே கால்சியம் பீன்ஸ் தோலிலும் போய் ஒட்டிக்கொள்ளும். உப்பில் ஊறவைக்காத பீன்ஸ் உள்ளே மாவாகிவிட்டாலும் தோல் மட்டும் பல்லில் சவ்வு மாதிரி சிக்குகிறது.

சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும், உண்மை. ஆனால் சோப்பு வாடை வரும், நிறமும் நீலம் பாரிக்கும். நான் போடுவதில்லை. தக்காளி, புளி, எலுமிச்சை எதுவும் வேகும் முன்னால் கிட்டேயே வரக்கூடாது. புளிப்பு பட்டால் வேகாமல் முறைத்துக்கொண்டு நிற்கும்.

காலையில் ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நாலு கப். உரித்த பூண்டு நாலு பல், பாதி வெங்காயம், ஒரு பிரிஞ்சி இலை, எண்ணெய். சுவிட்சைப் போட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், ஆனால் சத்தம் கேட்கிற தூரத்தில் இருங்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் பாதியாகியிருக்கும். கெட்டிலில் கொதிக்க வைத்த தண்ணீர் ஒரு டம்ளர் விட வேண்டும். பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி நின்று, மறுபடி வர இந்தச் சின்ன ஹீட்டர் திணறும். ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பாலும் தயாராகிவிடும். ஊறவைக்காமல் போட்டால் இரண்டு மணி நேரம் கணக்கு வையுங்கள்.

வெந்ததா என்று பார்க்க ஒரு ஸ்பூனில் நாலைந்து பீன்ஸ் எடுத்து, வாயால் ஊதிப் பாருங்கள். தோல் படக்கென்று விரிசல் விட்டு, சுருண்டு, உள்ளே மங்கின வெண்மை தெரிந்தால் கிட்டத்தட்ட ஆயிற்று. அப்புறம் ஒவ்வொன்றாக நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஐந்தும் பல் படாமல் நசுங்க வேண்டும். நாலு நசுங்கி ஒன்று நெருநெருத்தால் இன்னும் கால் மணி நேரம். அடிப்பக்கத்திலிருந்து ஒன்று, ஓரத்திலிருந்து ஒன்று என்று எடுக்க வேண்டும். இந்தத் தட்டு நடுவில்தான் சூடு அதிகம், ஓரத்துப் பயறு பின்தங்கும். நடுநடுவே கிளறினால் இந்த வித்தியாசம் தெரியாது.

சாறு கெட்டியாகிற கட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. தண்ணீர் இருக்கும்போதே சுவிட்ச் 'டக்' என்று விழும், அதாவது அணைந்து மேலே வந்துவிடும். அடியில் மாவு படிந்து, அந்த இடத்தில் மட்டும் சூடு ஏறி, காந்தம் ஏமாந்துவிடுகிறது. அடியைச் சுரண்டிக் கிளறி, இரண்டு நிமிஷம் ஆறவிட்டு மறுபடி அமுக்கினால் பிடித்துக்கொள்ளும். சூடாக இருக்கும்போதே வலுக்கட்டாயமாக அமுக்கிப் பிடிக்காதீர்கள், டேப் ஒட்டிப் பிடித்து வைப்பதெல்லாம் தீ விபத்துக்கு அழைப்பு.

வாம் (Warm) நிலை, அதாவது சமைத்ததைச் சூடாக வைத்திருக்கும் நிலை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சுவிட்ச் மேலே வந்ததும் குக்கர் வாமுக்குப் போகும், அங்கே சூடு எழுபது டிகிரி பக்கம். "சுவிட்ச் விழுந்தா என்ன, வாமில் கிடந்து மெதுவா வேகட்டும்" என்று விடக்கூடாது. ராஜ்மா குடும்பத்துப் பயறுகளில் லெக்டின் என்று ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. சிவப்பு ராஜ்மாவில் ரொம்ப அதிகம், கறுப்பில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. நன்றாகக் கொதித்தால் அழிந்துவிடும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்வது, ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது கொதிக்க வைக்க வேண்டும் என்பதுதான். எண்பது டிகிரி மாதிரி அரைகுறைச் சூட்டில் போட்டால் பச்சையாக இருப்பதைவிட நச்சு கூடும் என்றும் எச்சரிக்கிறார்கள். ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள்தான் இதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் ஒற்றைச் சுவிட்ச், ஆன் செய்தால் கொதிக்க வைத்தே தீரும் என்பதால் இந்தப் பாடத்தில் அதற்கு முழு மதிப்பெண்.

மாப்பிள்ளை ஆசையாக வாங்கின இன்னொரு குக்கரும் வீட்டில் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்தது, விலை இதைப்போலப் பல மடங்கு, வேலை முடிந்தால் பாட்டுப் பாடும். "அத்தை, இதுல பிரவுன் ரைஸ் மோடுல போட்டுப் பாருங்களேன்" என்றார். சாதத்துக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை, ஒத்துக்கொள்கிறேன். பீன்ஸை அது தனக்குத் தெரிந்த அரிசிக் கணக்கில் சூடேற்றி, நுரை பொங்கும் என்று தானே சூட்டைக் குறைத்து, தன் பாட்டைப் பாடி நிறுத்திவிட்டது. உள்ளே பாதி வேக்காடு. நடுவில் திறந்து பார்க்கவும் தோதில்லை. ஆவி போகிற மூடிக்குள் ஊதாக் களி அப்பி, ரப்பர் வளையத்தைக் கழற்றி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது. அதன் கையேட்டிலேயே நுரைக்கிற பண்டங்கள் வேண்டாம் என்று அச்சடித்திருக்கிறான். அறிவாளிப் பிள்ளை, சிலபஸுக்கு வெளியே கேட்டால் விழிக்கிறது. பீன்ஸுக்கு முப்பது டாலர்க்காரன்தான்.

பீன்ஸும் சாதமும் சேரும் இடத்தில்தான் இந்தக் குக்கரின் முழுத் திறமையும் தெரிகிறது. கியூபாவில் 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்' என்று கறுப்பு பீன்ஸையும் அரிசியையும் ஒன்றாக வேக வைப்பார்கள், கோஸ்டா ரிகாவிலும் நிகரகுவாவிலும் 'காயோ பிந்தோ' என்று தனித்தனியாக வெந்த பீன்ஸையும் சாதத்தையும் சேர்த்துப் புரட்டுவார்கள். நான் முதல் வழியில் போகிறேன். சோனா மசூரி ஒரு கப், வெந்த பீன்ஸ் முக்கால் கப், பீன்ஸ் சாறு ஒரு கப், தண்ணீர் ஒரு கப். சாறு மட்டுமே விட்டால் மேலே சொன்ன அதே காரணத்தால் சுவிட்ச் முந்திக்கொண்டு விழும், அரிசி நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டால் காந்தக் கணக்கு சரியாக வருகிறது. தனியாகச் சின்ன வாணலியில் எண்ணெய் விட்டு, சீரகம், பொடியாக நறுக்கின வெங்காயம், குடைமிளகாய், பூண்டு வதக்கிக் கொட்டிவிட வேண்டும். இந்தக் குக்கரில் வதக்க முடியாது, எண்ணெய் மட்டும் இருந்தால் உடனே சுவிட்ச் விழுந்துவிடும். 'டக்' சத்தத்துக்குப் பிறகு பத்து நிமிஷம் மூடியைத் தொடாதீர்கள். சாதம் ஊதா கலந்த பழுப்பு நிறத்தில், மண் வாசனையோடு வரும். மேலே நெய். கியூபாக்காரர்கள் மன்னிக்கட்டும்.

எதிர் வீட்டு அம்மா மெக்சிகோவின் வெராக்ரூஸ் பக்கத்துக்காரர். அவருக்கு ஆங்கிலம் என் ஸ்பானிஷ் அளவுக்குத்தான் வரும், இருந்தாலும் சமையலறையில் பாஷை பெரிய தடையில்லை. ஊறவைக்கிறேன் என்று நான் கையால் காட்டினதும் தலையில் அடித்துக்கொண்டார். அவர் ஊறவைப்பதே இல்லை, கறுப்பெல்லாம் தண்ணீரோடு போய்விடுமாம். நிறத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. அவர் கொடுத்தனுப்பின எபசோத்தே என்ற கீரைக் கொத்து வாங்கின அன்றைக்கு மண்ணெண்ணெய் வாடை அடித்தது. வேகிற பீன்ஸில் கடைசிக் கால் மணி நேரம் போட்டால் அந்த வாடை எப்படியோ ருசியாக மாறிவிடுகிறது. வாயு பிடிக்காது என்று அதைப் போடுகிறார்கள், நாம் பெருங்காயம் போடுவது போலத்தான். இப்போது நான் இரண்டையும் போடுகிறேன்.

நம் பக்குவத்தில் என்றால், சுண்டலுக்கு இது சுமார்தான். தேங்காய்த் துருவல் ஊதாவாகிவிடுகிறது, பார்க்க நன்றாக இல்லை. காரக்குழம்புக்கு மிக நன்றாக இருக்கிறது, சாறே குழம்பைக் கெட்டிப்படுத்திவிடும். ரசத்துக்குப் பருப்புத் தண்ணீருக்குப் பதிலாக இந்தச் சாறு விட்டுப் பார்த்தேன், வெளியாட்களுக்குப் பரிமாறுகிற நிறம் இல்லை, வீட்டுக்குள் சட்டி காலி.

காசுக் கணக்கும் பார்த்துவிடலாம். எச்-இ-பி கடையில் 454 கிராம் பை ஒன்று வேக வைத்தால், 425 கிராம் டின்கள் நாலில் இருக்கிற அளவுக்கு வருகிறது. ஒன்றரை மணி நேரம் 300 வாட் என்றால் யூனிட்டில் பாதி கூட ஆகாது. வெந்த ஒரு பெரிய கப்பில் பதினைந்து கிராம் புரதம், நார்ச்சத்தும் அதே அளவு. மீதியைச் சாற்றோடு டப்பாவில் அடைத்து ஃப்ரீசரில் வைத்தால் பெண்ணுக்கு டின் திறக்கிற வேலையும் மிச்சம். சாறு இல்லாமல் வைத்தால் தோல் சுருங்கி வறண்டுவிடும்.

தனியாக இருக்கிற பிள்ளைகள், அடுப்பு இல்லாத அறையில் தங்கியிருக்கிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் இதை யோசிக்காமல் வாங்கலாம். காலையில் போட்டுவிட்டு ஆபீஸ் போகிறவர்களுக்கு இது ஆகாது. நாலு பேருக்கு மேல் சமைக்கிற வீடென்றால் இதைவிட ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள், நுரைக்கு இடம் வேண்டும். உள்பாத்திரம் நான்-ஸ்டிக் பூசியதா வெறும் அலுமினியமா என்று கடையில் திறந்து பாருங்கள். வெறும் அலுமினியத்தில் தக்காளி, புளி போட்டுக் கொதிக்க வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஊருக்குப் போகும்போது ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது நினைத்தால், வேண்டாம். இங்கே 120 வோல்ட், நம் ஊரில் 230. ஹீட்டர் அதேதான், வோல்டேஜ் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, பவர் வோல்டேஜின் இருமடிக்குப் போகும். 300 வாட் குக்கர் ஆயிரத்தைத் தாண்டி இழுக்கும், முதல் சாதத்துக்கே ஹீட்டர் எரிந்து போய்விடும். பீன்ஸை வேண்டுமானால் எடுத்துப் போகலாம். குக்கரை நம் ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.